விரிசல் விழும் கட்டுப்பாட்டுப் பாகங்கள்: பார்த்துப் பார்த்துப் பறப்பதா, கழற்றி மாற்றுவதா?

விமானப் பராமரிப்பைத் திட்டமிடுபவரின் மேசைக்கு வரும் பறப்புத்தகுதிப் பணிப்புரைகளில் ஒரு வகை உண்டு. தொழிலில் அதை ஏ.டி. என்போம். அதன் சாரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: இந்த ரக விமானத்தின் இன்ன கட்டுப்பாட்டுப் பாகத்தில் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே விரிசல் காணப்பட்டுள்ளது. இத்தனை பறப்புகளுக்குள் பரிசோதியுங்கள். விரிசல் இருந்தால் அடுத்த பறப்புக்கு முன் மாற்றுங்கள். இல்லாவிட்டால் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் பாருங்கள். திருத்திய வடிவில் வரும் புதிய பாகத்தைப் பொருத்திவிட்டால் பரிசோதனைக் கடமை அத்தோடு முடியும்.

பரிசோதிக்காமல் இருக்க முடியாது, அது சட்டம். ஆனால் விரிசல் இல்லாத பாகத்தை எப்போது மாற்றுவது என்பதைப் பல பணிப்புரைகள் நிறுவனத்தின் கையிலேயே விடுகின்றன. அங்கேதான் முடிவு தேவைப்படுகிறது. ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கட்டுநாயக்காவைத் தளமாகக் கொண்டது; ஒற்றை நடைபாதை விமானங்கள் ஆறு; சென்னை, திருச்சி, மதுரை, மாலே என்று குறுந்தூரமாகவே பறக்கிறது. பாகம், இறக்கையின் முன்விளிம்பிலுள்ள ஸ்லட் என்ற நகரும் தகட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகர்த்தும், தண்டவாளம் போன்ற எஃகு ட்ராக்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் கணக்கிட்டதைவிட முன்கூட்டியே விரிசல் விழத் தொடங்கிய பாகம், தோற்றால் சுமையைத் தாங்க வேறு பாகம் இல்லாத பாகம் என்றால், கொழும்பிலிருந்து இயங்கும் சிறிய நிறுவனம் அதை அடுத்த பெரிய ஹேங்கர் தரிப்பிலேயே மாற்றிவிட வேண்டும். அதுவரை பறக்க அனுமதிக்கும் பாலமாக மட்டும் பரிசோதனை இருக்கட்டும். இது பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றையும் பிறகு சொல்கிறேன்.

சட்டம் எங்கே நிற்கிறது

விமானத்தை வடிவமைத்த நாட்டின் அதிகார அமைப்புத்தான் மூலப் பணிப்புரையை எழுதும். போயிங் என்றால் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ., எயார்பஸ் என்றால் ஐரோப்பாவின் ஈ.ஏ.எஸ்.ஏ. சிகாகோ உடன்படிக்கையின் 8ஆவது இணைப்பின்படி அந்தத் தகவல் விமானம் பதிவான நாட்டுக்குப் போக வேண்டும். 4ஆர் என்ற பதிவெழுத்தோடு பறக்கும் விமானங்களுக்கு இங்கே பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு. உற்பத்தியாளர் அனுப்பும் சர்விஸ் புலெட்டின் இதிலிருந்து வேறுபட்டது. அது பெரும்பாலும் பரிந்துரையாகவே நிற்கும். அதிகார அமைப்பு அதை எடுத்துப் பணிப்புரையாக்கும்போதுதான் கட்டாயமாகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளி ஆபத்தானது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா 243 விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். உடற்கூட்டின் பல இணைப்புகளைப் பரிசோதிக்கும்படி போயிங் புலெட்டின் சொல்லியிருந்தது. கட்டாயப் பணிப்புரையோ அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே கேட்டது. “பணிப்புரை கேட்டதைச் செய்துவிட்டோம்” என்று ஒரு நிறுவனம் நிம்மதியடைவது போதாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த விபத்துத்தான். பணிப்புரை என்பது கீழெல்லை.

அதே விமானம் இன்னொன்றையும் காட்டியது. விபத்தன்று அதன் கணக்கில் 89,680 பறப்புகள் இருந்தன. தீவுக்குத் தீவு தாவும் சேவை என்பதால் பறந்த மணித்தியாலங்களோ ஏறத்தாழ 35,500 மட்டுமே. உலோகக் களைப்பு மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. சுமை ஏறி இறங்கிய தடவைகளைத்தான் எண்ணுகிறது. ஒரு கம்பியை எத்தனை தடவை வளைத்தோம் என்பதுதான் அது எப்போது முறியும் என்பதைத் தீர்மானிக்கும், எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தோம் என்பதல்ல. ஸ்லட்டும், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள நகரும் தகடான ஃபிளாப்பும் ஒவ்வொரு புறப்பாட்டிலும் ஒவ்வொரு தரையிறக்கத்திலும் வெளியே வந்து உள்ளே போகின்றன. சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பறந்தாலும் ஒரு சுற்று, லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம் பறந்தாலும் ஒரு சுற்று.

முதல் வழி: மாற்றாமல் பரிசோதித்துக்கொண்டே போவது

இதன் கவர்ச்சி புரிகிறது. பாகம் வாங்கப் பணம் கட்ட வேண்டாம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயையும் தாண்டிப் போனதைப் பார்த்த எந்த நிதி அதிகாரியும், நல்ல நிலையில் இருக்கும் பாகத்தைக் கழற்றி எறிய எளிதில் கையெழுத்திடமாட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை.

பரிசோதனை இடைவெளி எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். கருவிக்குத் தென்படும் அளவை விரிசல் எட்டிய நாளிலிருந்து, பாகம் சுமை தாங்க முடியாத அளவுக்கு அது வளரும் நாள் வரை எத்தனை பறப்புகள் என்று கணக்கிடுவார்கள். அதை இரண்டால் அல்லது மூன்றால் வகுப்பார்கள். ஒரு தடவை தவறினாலும் அடுத்த தடவை பிடிபடட்டும் என்பதற்காக. உதாரணத்துக்கு 6,000 பறப்புகள் என்று வைத்தால் இடைவெளி 2,000. நாளுக்கு மூன்று முறை போய்வரும் நம் விமானம் ஆண்டுக்கு 2,190 பறப்புகள் செய்யும். ஆகவே பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ட்ராக் பரிசோதனை. லண்டனுக்கு மட்டும் போய்வரும் விமானம் ஆண்டுக்கு 700 பறப்பைத் தாண்டுவது கடினம். அதே இடைவெளி அதற்கு மூன்று வருடம் நீடிக்கும். ஒரே பணிப்புரையை வைத்துக்கொண்டு இரண்டு நிறுவனங்கள் இரண்டு வேறு முடிவுகளுக்கு வருவது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அடுத்தது, பரிசோதனை எவ்வளவு பிடிக்கும் என்ற கேள்வி. எஃகுக்குக் காந்தத்துகள் முறை, அலுமினியத்துக்கு எடி கரண்ட் என்ற சுழல் மின்னோட்ட முறை, மேற்பரப்பு விரிசலுக்குச் சாய ஊடுருவல், உள்ளே இருப்பதற்கு அல்ட்ராசோனிக் என்று முறைகள் உண்டு. இவை குறிப்பிட்ட அளவு விரிசலைப் பத்தில் ஒன்பது தடவை கண்டுபிடிக்கும் என்ற அடிப்படையில் மதிப்பிடப்படுபவை. பத்தில் ஒரு தடவை தவறும் என்றால், இரண்டு வாய்ப்பில் நூற்றில் ஒன்று, மூன்று வாய்ப்பில் ஆயிரத்தில் ஒன்று என்று தாளில் எழுதலாம். அந்தப் பெருக்கல் உண்மையாவதற்கு ஒவ்வொரு பரிசோதனையும் மற்றதிலிருந்து சுயாதீனமாக இருக்க வேண்டும். சிறிய நிறுவனத்தில் அப்படி இருக்காது. அதே கருவி, அதே எட்டாத மூலை, அதிகாலை மூன்று மணிக்கு அதே ஆள். முதல் தடவை அவர் கண்ணில் படாதது இரண்டாம் தடவையும் படாமல் போவதற்குக் காரணம் அப்படியே இருக்கிறது.

1989 ஜூலை 19 அன்று யுனைட்டட் 232 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு சிதறி மூன்று ஹைட்ரோலிக் தொகுதிகளையும் அறுத்தது. அதோடு எல்லாக் கட்டுப்பாட்டுப் பரப்புகளும் செயலிழந்தன. 112 பேர் உயிரிழந்தார்கள். அந்த டைட்டேனியம் தட்டு 760 பறப்புகளுக்கு முன்புதான் ஒளிரும் சாயத்தால் பரிசோதிக்கப்பட்டிருந்தது. விரிசல் அப்போதே இருந்தது.

சாம்பியாவின் லுசாக்காவில் நடந்த விபத்து இன்னும் நேரடியாக நம் விஷயத்தைத் தொடுகிறது. 1977 மே 14 அன்று டான்-எயார் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம் தரையிறங்க வரும்போது வாலின் வலப்பக்கக் கிடைச்சிறகு (கிடைவால்), விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரோடு சேர்ந்து கழன்று விழுந்தது. விமானத்திலிருந்த ஆறு பேரும் உயிரிழந்தார்கள். 16,723 தரையிறக்கங்களைக் கண்ட விமானம் அது. கிடைவாலின் உள்ளே நீளவாக்கில் ஓடும் தாங்கியான பின் ஸ்பாரில் விரிசல் பல ஆயிரம் பறப்புகளாக வளர்ந்திருந்தது. ஒரு உறுப்பு தோற்றாலும் மற்றது தாங்கும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்ட பாகம்தான். ஆனால் தோற்ற உறுப்பை யாரும் கண்டுபிடிக்காவிட்டால், மீதி உறுப்பு தனியாகச் சுமந்து தனியாகவே களைத்துப்போகும். பிறகு உலகெங்கும் அந்த வகை விமானங்கள் 521ஐச் சோதித்தபோது 38இல் விரிசல் இருந்தது. அடுத்த வருடமே அமெரிக்கா வடிவமைப்பு விதியை மாற்றியது. விரிசல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அது ஆபத்தாவதற்கு முன் கண்டுபிடிக்கும் பரிசோதனைத் திட்டத்தை வடிவமைப்போடு சேர்த்தே தர வேண்டும் என்பது அப்போது வந்ததுதான்.

ஆகவே பரிசோதனையை நான் தாழ்த்திப் பேசவில்லை. இன்று நாம் பறப்பதே அதன் புண்ணியத்தில்தான். ஆனால் அந்தத் தர்க்கம் விரிசல் மெதுவாக, எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த வேகத்தில் வளரும்போது மட்டுமே நிற்கும். முன்கூட்டியே விரிசல் கண்ட பாகத்தில், உற்பத்தியாளரின் ஏதோ ஒரு அனுமானம் ஏற்கெனவே பொய்த்துவிட்டது. அதே ஆட்கள் திருத்தி எழுதிய வளர்ச்சி வேகத்தை மட்டும் அப்படியே நம்பச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இங்கே உள்ளூர்க் காரணம் ஒன்றும் சேர்கிறது. கட்டுநாயக்கா நீர்கொழும்பு களப்பின் ஓரத்தில் இருக்கிறது, கடலும் பக்கத்தில். மாலேயில் ஓடுபாதையின் இரு பக்கமும் கடல். எஃகுப் பாகத்தின் கட்மியம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு ஈரம் அங்கே குழி பறிக்கும், குழியின் அடியில் விரிசல் பிறக்கும். உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணாக எழுதப்பட்ட இடைவெளி, நம் காற்றை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல.

இரண்டாம் வழி: திட்டமிட்ட தரிப்பில் மாற்றுவது

செலவை ஒப்பிடும்போது பலரும் ஒரு பக்கம் பாகத்தின் விலையையும் மறுபக்கம் பரிசோதனைக் கூலியையும் வைக்கிறார்கள். அந்தத் தராசு பிழை. ஒப்பிட வேண்டியது, நாமே நாள் குறித்து விமானத்தை நிறுத்துவதையும், விரிசல் நாள் குறித்து நிறுத்துவதையும்.

பரிசோதனையில் விரிசல் தென்பட்டால் விமானம் அங்கேயே நிற்கும். சிறு குறைகளோடு பறக்க அனுமதிக்கும் எந்தப் பட்டியலும் இங்கே உதவாது. நூற்றுக்கணக்கான விமானங்கள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் களஞ்சியத்தில் அந்தப் பாகம் இருக்கும். ஆறு விமானம் வைத்திருப்பவர் கட்டுநாயக்காவில் அதை இருப்பில் வைத்திருக்கமாட்டார். அதோடு, பணிப்புரை வெளியான மாதமே உலகம் முழுவதும் அதே பாகத்துக்கு வரிசை நிற்கும். உலோகத்தை உருவாக்குவதும் எந்திர வேலையும் பூச்சும் முடிந்து ஒரு ட்ராக் வர மாதங்கள் போகும். ஆறில் ஒன்று நின்றால் சேவையில் ஆறில் ஒரு பங்கு போகிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் குழுக் குழுவாகத் தென்னிந்தியா போகும் நாட்களில் அது நடந்தால் என்ன ஆகும் என்று கொழும்பில் பயண முகவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திட்டமிட்டு மாற்றினால் ஓர்டர் முன்பே போய்விடும், சி-செக் என்ற பெரிய காலமுறைப் பராமரிப்புக்காக இறக்கை திறந்திருக்கும்போதே வேலை முடியும், திரும்பத் திரும்பத் திறந்து மூடும் கூலியும் மிஞ்சும். பணிப்புரைகளின் போக்கும் இதே பக்கம்தான். 2010 மார்ச்சில் 737-800 ஒன்றின் இடது எலிவேட்டரில், அதன் விளிம்பிலுள்ள டாப் என்ற சிறு தகட்டை இயக்கும் பொறியின் பின் இணைப்புக் காது முறிந்து, எலிவேட்டர் கடுமையாக அதிர்ந்தது. எஃப்.ஏ.ஏ. அவசரப் பணிப்புரை வெளியிட்டு முதலில் பரிசோதனையைக் கேட்டது. அதே ஆண்டுக்குள் மாற்றுவதையே கட்டாயமாக்கியது. பரிசோதனையோடு மட்டும் நிற்கலாம் என்று திட்டமிட்டிருந்தவர்கள் இரண்டு செலவையும் சுமந்திருப்பார்கள்.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. அதை மறைத்தால் ஒப்பீடு நேர்மையாக இராது. கட்டுப்பாட்டுத் தொகுதியைக் கழற்றிப் பூட்டுவதே ஆபத்தான வேலை. 2000 பெப்ரவரி 16 அன்று கலிபோர்னியாவில் எமரி 17 என்ற டிசி-8 சரக்கு விமானத்தின் வலது எலிவேட்டர் டாப்பை இயக்கும் தண்டு கழன்றது. போல்ட் சரியாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை, மூவரும் இறந்தார்கள். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் எயார் மிட்வெஸ்ட் 5481 விழுந்து 21 பேர் இறந்தார்கள். சில இரவுகளுக்கு முன் எலிவேட்டர் கேபிளைத் தவறாகச் சரிசெய்திருந்தார்கள். பாரமும் பின்பக்கம் கூடியிருந்தது. 2007 ஓகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நாஹாவில் சைனா எயார்லைன்ஸ் 120 தீப்பிடித்ததற்குக் காரணம் ஸ்லட் ட்ராக்கிலேயே இருந்தது. ட்ராக்கின் முனைத் தடுப்பு கழன்று விழுந்து, ஸ்லட் உள்ளே போகும்போது எரிபொருள் தாங்கியைக் குத்திக் கிழித்தது. 165 பேரும் வெளியேறித் தப்பினார்கள். விட்டுப்போனது ஒரு வாஷர். அதுவும் முனைத் தடுப்பைப் பிடித்திருந்த நட் தளராமல் இருக்கச் செய்யப்பட்ட பராமரிப்பு வேலையின்போது.

இதிலிருந்து மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு நான் போகவில்லை. பரிசோதனைக்காகவும் பாகத்தைத் திறந்து மூடத்தான் வேண்டும், அதுவும் பல தடவை. மாற்றும் வேலையில் ஆபத்து ஒரே இரவில் குவிந்திருக்கிறது. அந்த ஒரே இரவுக்கு நல்ல ஆட்களையும் போதிய நேரத்தையும், வேலையில் கைவைக்காத இரண்டாமவரின் சுயாதீனச் சரிபார்ப்பையும் கொடுக்க முடியும். பத்து வருடத்தில் வரும் பத்துப் பதினொரு இரவுகளுக்கும் அதே கவனத்தைக் கொடுப்போம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மூன்றாம் வழி: உடனே எல்லாவற்றையும் மாற்றுவது

இது பெரும்பாலும் தெரிவாக வருவதில்லை, கட்டளையாகவே வரும். 2019 ஜூன் 2 அன்று எஃப்.ஏ.ஏ., 737 விமானங்களின் ஸ்லட் ட்ராக்குகளில் ஒரு தொகுதி தவறாகத் தயாரிக்கப்பட்டதாக அறிவித்தது. 148 வரையான பாகங்கள். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவை உலகெங்கும் 312 விமானங்கள். பத்து நாளில் தேடிக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும் என்றார்கள். ட்ராக் முற்றாக முறிந்தாலும் விமானம் இழக்கப்படாது, ஆனால் பறப்பில் சேதம் ஏற்படலாம் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. களைப்பினால் வரும் விரிசலுக்கும் தயாரிப்புக் குறையினால் வரும் விரிசலுக்கும் வேறுபாடு இங்கேதான். முன்னதற்கு வளர்ச்சிக் கணக்கு உண்டு. பின்னதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை. உங்கள் பாகத்தின் தொடரிலக்கம் அந்தப் பட்டியலில் இருந்தால் யோசிக்க எதுவும் இல்லை.

கெடு சுருங்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். நாஹா தீயின் பின் பரிசோதனைக்கு முதலில் 24 நாள் கொடுத்த எஃப்.ஏ.ஏ., வந்த அறிக்கைகளைப் பார்த்துச் சில நாட்களிலேயே அதைப் பத்தாகக் குறைத்தது. கடைசி நாளுக்கு வேலையை வைத்திருந்தவர்கள் திண்டாடியிருப்பார்கள்.

நான்காம் வழி: பாவித்த பாகம்

பணம் இறுக்கமான நாட்டில் இந்த யோசனை கட்டாயம் மேசைக்கு வரும். பிரித்தெடுத்த விமானத்திலிருந்து வந்த ட்ராக், பாதி விலைக்கு. விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் களைப்பு வெளியே தெரியாது. பாகம் எத்தனை சுற்று கண்டது என்பது தாளில் மட்டுமே இருக்கிறது, தாளோ பொய் சொல்லலாம். 1989 செப்டெம்பர் 8 அன்று பார்ட்னெயார் 394 டென்மார்க் கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். வாலின் செங்குத்துப் பகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் போலியானவை. பழங்காலத்துக் கதை என்று நினைப்பவர்களுக்கு 2023இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் விவகாரம் இருக்கிறது. எஞ்சின் பாகங்களுக்குப் பொய்ச் சான்றிதழ் எழுதி உலகம் முழுவதும் விற்றிருந்தார்கள். பிறந்த நாளிலிருந்து இன்றுவரை முழுப் பதிவும் இல்லாத கட்டுப்பாட்டுப் பாகத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்கக்கூடாது. முழுப் பதிவு உள்ளதுகூட, பழைய வடிவமாக இருந்தால் பரிசோதனைக் கடமையை முடித்துவைக்காது. அப்படியென்றால் அது முதல் வழியின் நீட்சிதான்.

ஐந்தாவதாக, இடைவெளியை நீட்டிக் கேட்பது

பணிப்புரை சொன்னதை வேறு வழியில் நிறைவேற்ற, மாற்று நிறைவேற்று முறை என்று விண்ணப்பிக்கலாம், கூடுதல் பாதுகாப்போடு அனுமதியும் கிடைக்கலாம். சில நாள் நெருக்கடிக்கு அது சரி. கொள்கையாக வைத்துக்கொள்வதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா 261 பசிபிக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். கிடைவாலைச் சரிக்கும் பெரிய திருகான ஜாக்ஸ்க்ரூவின் நட் தேய்ந்து மரை முழுவதும் உரிந்திருந்தது. அது தேய்மானம், களைப்பல்ல. ஆனால் முடிவெடுத்த விதம் நம் விஷயமேதான். கிறீஸ் போடும் இடைவெளியும் அளக்கும் இடைவெளியும் அனுமதியோடு நீட்டப்பட்டிருந்தன. 1997இல் அளந்தபோது தளர்வு உச்ச எல்லையான 0.040 அங்குலத்தில் இருந்தது. நட்டை மாற்றுவதாகத் திட்டமிட்டார்கள். திரும்ப அளந்தபோது 0.033 வந்தது. விமானம் சேவைக்குப் போனது. அந்த நட் தோற்றால் தாங்க வேறு எதுவும் இல்லை என்று தெரிந்த பின்னும், எல்லையில் நின்ற பாகத்துக்கு இரண்டாம் அளவீட்டின் நன்மையை வழங்கினார்கள்.

அந்த ஆறு விமானங்களுக்கு

நம் கற்பனை நிறுவனத்துக்கு நான் எழுதிக்கொடுக்கும் திட்டம் இது. பணிப்புரை வந்த கிழமையே ஆறு தொகுதிக்கும் ஓர்டர் போக வேண்டும். முன்வரைவு வெளியானபோதே கேள்வி அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது. முதலில் மாற்றுவது வயதில் மூத்த விமானத்தை அல்ல, பறப்பு எண்ணிக்கையில் முன்னிற்பதை. எண்ணிக்கை நெருக்கமாக இருந்தால், மாலே சேவையில் கூடுதலாக ஓடியதை. பாகம் வரும்வரை பரிசோதனை, அதுவும் பணிப்புரை தரும் இடைவெளியில் பாதியில், இரண்டு வெவ்வேறு ஆட்களால் மாறி மாறி. சபரிமலைக் காலம் தொடங்குவதற்கு முன் குறைந்தது பாதி விமானங்களாவது முடிந்திருக்க வேண்டும்.

பரிசோதனையோடு மட்டும் நிற்பது சரியான இடங்களைச் சொல்வதாக வாக்களித்தேன். நீண்டதூரம் பறக்கும், பறப்பு எண்ணிக்கை குறைந்த அகன்ற உடல் விமானம். சுமையைப் பல உறுப்புகள் பகிரும், விரிசல் மெதுவாக வளரும், கண்ணுக்கும் கருவிக்கும் எளிதில் எட்டும் பாகம். அங்கே கழற்றுவதில் வரும் பிழையே பெரிய ஆபத்து. குத்தகை முடிந்து ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் விமானத்திலும் பரிசோதனையை ஏற்றுக்கொள்வேன், அந்த வருடத்துக்குள் வரும் பரிசோதனைகள் ஒன்றும் தள்ளிப்போகாது என்றால். ஆனால் பரிசோதனை முறையே பொருத்தமானதா என்று முதலில் கேட்க வேண்டும். 2005 மார்ச் 6 அன்று எயார் ட்ரான்சாட் நிறுவனத்தின் ஏ310 கியூபாவிலிருந்து புறப்பட்டு, வாலின் செங்குத்துப் பகுதியிலுள்ள நகரும் தகடான ரடரைப் பறப்பில் இழந்தது. அதிர்ஷ்டவசமாகத் திரும்பி இறங்கியது. கூட்டுப்பொருளாலான அந்த ரடரின் சேதத்தை நேரத்தோடு கண்டுபிடிக்க, அன்றிருந்த பரிசோதனைத் திட்டம் போதவில்லை என்று கனடாவின் விசாரணை முடிவு சொன்னது.

கழற்றிய ட்ராக்குகளை வெட்டிப் பழைய இரும்பாகக் கொடுத்துவிடக் கூடாது. பூச்சை நீக்கிக் காந்தத்துகள் பரிசோதனை செய்து, ஒவ்வொன்றின் பறப்பு எண்ணிக்கையோடும் முடிவை உற்பத்தியாளருக்கும் அதிகாரசபைக்கும் அனுப்ப வேண்டும், விரிசல் இல்லை என்றாலும்கூட. உப்புக் காற்றில் ஓடிய பாகங்களின் விவரம் அவர்களுடைய கணக்கில் சேர்ந்தால்தான் அடுத்த பணிப்புரையின் இடைவெளி நம்மையும் எண்ணிப் போடப்படும்.